பழைய வீட்டுக் கூரைக்கு எதைப் போடுவது? டர்பனுக்கு ஒன்று, லெனேசியாவுக்கு வேறு

கையில் ஒரு தொகை இருக்கிறது. வீடு அறுபது வருடப் பழசு. கோடையில் மாலை நாலு மணிக்குப் படுக்கையறையில் உட்கார முடியவில்லை. குளிர்காலத்தில் ராத்திரி ஹீட்டரை அணைத்த அரை மணி நேரத்தில் அறை வாசலைப் போலக் குளிர்ந்துவிடுகிறது. அந்தத் தொகையை ஏசியில் போடுவதா, சோலார் தகட்டில் போடுவதா, சீலிங்குக்கு மேல் வெப்பக்காப்பில் போடுவதா? தென்னாப்பிரிக்காவில் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. காரணம் கரண்ட் பில்தான். தேசிய மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023 ஏப்ரலில் 18.65 சதவீதம் ஏறியது. 2024 ஏப்ரலில் 12.74. 2025 ஏப்ரலில் மறுபடியும் 12.74. மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் மூன்று ஏற்றத்தில் கட்டணம் ஒன்றரை மடங்காகியிருக்கிறது. நகராட்சியிடம் மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு ஜூலையில் ஏறும், சதவீதம் கொஞ்சம் முன்பின் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய வீடு என்றால் முதல் பணம் சீலிங்குக்குப் போக வேண்டும், ஏசியும் சோலாரும் அப்புறம் என்பது என் முடிவு. ஆனால் சீலிங்குக்கு மேல் எதைப் போடுவது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கும், ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைப் பார்க்க வேண்டி வந்தது. இரண்டு வீட்டுக்கும் நான் சொன்னது வேறு வேறு. கூரை வேறு, ஊர் வேறு, வெப்பம் போகும் திசையும் வேறு.

இந்த வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலும் மேவில்லிலும் கிளேர்வுட்டிலும் வேரூன்றியிருந்த நம்மவர்களைப் பெயர்த்தது. அவர்களைக் குடியேற்ற 1960-களில் சாட்ஸ்வொர்த் எழுந்தது, 1970-களின் நடுவில் ஃபீனிக்ஸ். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியா அதற்கும் முன்பே, 1950-களில் தொடங்கிவிட்டது. எல்லாமே குறைந்த செலவில், வேகமாக, வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். கான்கிரீட் பிளாக்கில் ஒற்றைச் சுவர். கூரை பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு. பின்பக்க அறை, கார் நிறுத்தும் கொட்டகை, உள் சீலிங் என்று நிறையவற்றைக் குடியிருந்தவர்களே காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். அதற்கும் முந்தைய தலைமுறை வீடுகள் கிளேர்வுட்டில் இருந்தன. மரச்சட்டமும் தகரமும் வைத்து, காய்கறித் தோட்டக்காரர்கள் தங்கள் கையாலேயே கட்டியவை. அங்கே கூரைக்கும் தலைக்கும் நடுவில் இருந்தது வெறும் காற்று.

புது வீடு கட்டும்போது கூரைக்கு இவ்வளவு வெப்பத்தடை வேண்டும் என்பது 2011-இல் எஸ்ஏஎன்எஸ் 10400-எக்ஸ்ஏ என்ற தென்னாப்பிரிக்கக் கட்டட விதி வந்த பிறகுதான் கட்டாயமானது. அந்த முதல் பதிப்பில் டர்பன் கடற்கரைப் பகுதிக்குக் கூரையின் மொத்த ஆர் மதிப்பு 2.7, ஜோஹானஸ்பர்க் பகுதிக்கு 3.7. வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவுதான் ஆர் மதிப்பு. எண் கூடக் கூடத் தடுப்பும் கூடும். பழைய வீடுகளில் வெறும் சீலிங் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டால், மேலும் கீழும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்தையும் சேர்த்து 0.4 வந்தால் பெரிது.

ஒரு சின்னக் கணக்கு

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கடையில் யார் எதைச் சொன்னாலும் குழப்பம் வராது.

லெனேசியாவில் ஜூலை ராத்திரி. வெளியே 4 டிகிரி, உள்ளே 18 டிகிரியாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14. சீலிங்கின் பரப்பு 60 சதுர மீட்டர். 60-ஐ 14-ஆல் பெருக்கி ஆர் மதிப்பால் வகுத்தால் சீலிங் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்று தெரியும். ஆர் 0.4 என்றால் 2100 வாட். அதாவது 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று, சீலிங் வழியாகப் போகிற வெப்பத்தை ஈடுகட்டுவதற்கே முழுக்க எரிய வேண்டும். சுவர், ஜன்னல் கணக்கு தனி.

இப்போது அதன் மேல் 50 மில்லிமீட்டர் வெப்பக்காப்புப் பஞ்சு போடுங்கள். அதன் ஆர் மதிப்பு சுமார் 1.25. மொத்தம் 1.65. இழப்பு 510 வாட்டாக இறங்கிவிடுகிறது. 100 மில்லிமீட்டர் போட்டால் 290. 135 மில்லிமீட்டர் போட்டால் 220. முதல் 50 மில்லிமீட்டர்தான் முக்கால் பங்கு வேலையைச் செய்கிறது, அதற்கு மேல் போடுவது மீதி இருப்பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. கையில் பணம் குறைவு என்றால் ஒரு அறைக்கு மட்டும் தடிமனாகப் போடுவதைவிட வீடு முழுவதும் மெல்லியதாகப் போடுவது மேல். ஆனால் கூரைக்குள் ஏறி இறங்கும் கூலியும் சிரமமும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் லெனேசியா மாதிரிக் குளிர் ஊரில், முடிந்தால் ஒரே தடவையில் 135 போட்டுவிடச் சொல்வேன்.

டர்பன் கணக்கு தலைகீழ். பிப்ரவரி மத்தியானம் தகரக் கூரை 60 டிகிரிக்கு மேல் சுடும். சீலிங்குக்கு மேலே உள்ள வெளி 45 டிகிரி, அறை 28 டிகிரி என்று வைத்தால் வித்தியாசம் 17. வெறும் சீலிங் வழியாக வீட்டுக்குள் இறங்குவது 2550 வாட். படுக்கையறைக்கு எல்லோரும் வாங்கும் 9000 பிடியு ஏசி வெளியே தள்ளும் வெப்பம் 2.6 கிலோவாட். ஆக, வீடு முழுவதும் சீலிங் வழியாக இறங்குவதைத் துரத்தவே அப்படி ஒரு ஏசியின் முழு உழைப்பும் போகும். அத்தை ஏசிதான் வேண்டும் என்று நின்றார். "வாங்கலாம் அத்தை, ஆனா முதல்ல மேல மூடிட்டு வாங்கலாம். அப்புறம் சின்ன ஏசியே போதும், சில நாள் அதுவும் தேவைப்படாது" என்றேன். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

திசைதான் பொருளை முடிவு செய்கிறது

குளிர் ஊரில் வெப்பம் கீழிருந்து மேலே போகிறது. சூடான காற்று தானாகவே ஏறும், சீலிங்கைத் தொட்டுக் குளிரும், இறங்கும். அதை நிறுத்தத் தடிமனான பஞ்சு வேண்டும். டர்பன் மாதிரி ஊரில் கோடைப் பகலில் வெப்பம் மேலிருந்து கீழே வருகிறது. சூடான காற்று மேலேயே தேங்கி நிற்கும், கீழே இறங்காது. ஆனாலும் வீடு சுடுவது ஏன்? கொதிக்கும் தகரம் அடுப்புத் தணல் மாதிரிக் கதிராக வெப்பத்தைக் கீழே வீசுகிறது. கதிரை நிறுத்த அலுமினியத் தாள் போதும். அதன் பளபளப்பான பக்கம் தன் மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், தான் சூடானாலும் மிகக் குறைவாகவே வீசும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லாமல் தாளை விற்கிறவர்கள் நிறையப் பேர். பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். தகரத்தில் ஒட்டிப் படிந்துவிட்டால் அலுமினியம் வெறும் உலோகம், வெப்பத்தை அழகாகக் கடத்திவிடும். பளபளப்பு மேலே பார்த்தபடி படுக்க வைத்தால் சில வருடத்தில் தூசி படிந்து பலன் குறையும். கீழே பார்த்தபடி வைத்து, அதன் கீழே இடைவெளி விட்டால் தூசி படியாது. முடிந்தால் இரண்டு பக்கமும் பளபளப்பான தாளையே வாங்குங்கள்.

அதே தாளை லெனேசியாவில் மட்டும் நம்பிப் போட்டால் குளிர்கால ராத்திரியில் பலன் குறைவு. வெப்பம் மேலே போகும்போது காற்றோட்டமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, அதைத் தாள் நிறுத்தாது. அங்கே தாளுக்கு வேறொரு நல்ல பயன் இருக்கிறது. விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் பனி வேர்த்துச் சொட்டும்போது அதைத் தாங்கி ஓரத்துக்கு ஓட்டிவிடும். பஞ்சு நனையாமல் இருக்கும்.

நடுவில் இருக்கிறது பீட்டர்மாரிட்ஸ்பர்க். பள்ளத்தாக்கு ஊர். கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் உறைபனி. போதாததற்கு மலைப்பக்கமிருந்து வரும் சூடான பெர்க் காற்று வீசும் நாட்களில் ஆகஸ்டிலும் முப்பது டிகிரியைத் தாண்டும். அங்கே இரண்டும் வேண்டும். மேலே தாள், சீலிங்கின் மேல் 100 மில்லிமீட்டர் பஞ்சு.

பஞ்சு வகைகள்

கண்ணாடிப் பஞ்சு, அதாவது கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் சுருட்டி வைத்திருக்கும் ஏரோலைட், எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். தீப்பிடிக்காது. தடிமனுக்குத் தகுந்த ஆர் மதிப்பு தெளிவாக அச்சடித்திருக்கும், 135 மில்லிமீட்டருக்குச் சுமார் 3.4. குறை என்னவென்றால் அரிக்கும். மெல்லிய கண்ணாடி இழைகள் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் ஏறிக்கொண்டு ராத்திரி முழுவதும் பிடுங்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, நல்ல முகமூடி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. போட்டு முடித்த பிறகு அது பாட்டுக்கு மேலே கிடக்கும், கீழே இருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

பாலியெஸ்டர் பஞ்சு வெள்ளையாக இருக்கும். ஐசோதெர்ம் என்ற பெயரில் அதிகம் விற்கிறது. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி இழையாக்கிச் செய்வது. வெறுங்கையால் தொடலாம், அரிக்காது. ஈரம் பட்டாலும் காய்ந்தபின் பழையபடி உப்பிவிடும். டர்பனின் ஈரப்பதத்துக்கு இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம், இதையே வாங்குங்கள். அதே ஆர் மதிப்புக்குக் கொஞ்சம் கூடத் தடிமன் தேவைப்படலாம், விலையும் பொதுவாகக் கூடுதல். நெருப்பில் பஞ்சு கருகுவதற்குப் பதில் உருகும். அதனால் சூடாகும் விளக்குகளுக்குப் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

மூன்றாவது, செல்லுலோஸ். பழைய செய்தித்தாளைத் தூளாக்கி, போரான் உப்பு கலந்து, குழாய் வைத்து ஊதுவார்கள். கம்பிகளும் குழாய்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கூரைக்குள் சுருளைப் பரப்பி வெட்டுவது கடினம், அங்கே இது மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். நாமே போட முடியாது, இயந்திரம் உள்ள ஆள் வர வேண்டும். வருடங்கள் போகப் போக அமுங்கும் என்பதால் ஊதும்போதே கூடுதலாக ஊதச் சொல்ல வேண்டும். ஓடு ஒன்று விரிசல் விட்டு மழைநீர் இறங்கினால் அந்த இடம் கூழாகிவிடும். டர்பனில் குரங்குகள் கூரை ஓடுகளை நகர்த்திவிட்டுப் போவது சாதாரணம். குரங்கு வரும் தெருவில் இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சீலிங்குக்கு மேல் ஏற இடமே இல்லாத வீடு

பின்பக்கம் சேர்த்துக் கட்டிய அறைகள் பலவற்றில் ஐபிஆர் என்கிற மடிப்புத் தகரத் தகடு, அதைத் தாங்கும் மரக்கட்டை, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் தகரத்தின் அடிப்பக்கமும் ஆணி முனைகளும் தெரியும். அத்தை வீட்டுச் சமையலறை இப்படித்தான். இங்கே இரண்டு வழி.

முதல் வழி, கட்டைகளின் அடிப்பக்கம் தாளை இழுத்துக் கட்டி, அதன் கீழே மரச்சட்டம் அடித்து, பாலியெஸ்டர் பஞ்சை நிரப்பி, ரைனோ போர்டு என்கிற ஜிப்சம் பலகையால் மூடுவது. தகரத்துக்கும் தாளுக்கும் நடுவில் கட்டையின் உயரமே இடைவெளியாகக் கிடைத்துவிடுகிறது. வேலை அதிகம், ஆனால் நன்றாக முடித்தால் வீட்டின் மற்ற அறைகளைவிட இதுதான் குளுமையாக இருக்கும்.

இரண்டாவது வழி, ஐசோபோர்ட் மாதிரியான அடர்ந்த ஃபோம் பலகை. பலகையே சீலிங், பலகையே வெப்பக்காப்பு. 30 மில்லிமீட்டருக்குச் சுமார் 1 ஆர் கிடைக்கும், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தண்ணீர் குடிக்காது. ஒரே நாளில் ஒரு அறையை முடித்துவிடலாம். ஆனால் இது பாலிஸ்டைரீன். தீயைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்திருந்தாலும் சூட்டில் உருகும். அடுப்புக்கு மேலேயும், காமாட்சி விளக்கும் சாம்பிராணியும் ஏற்றுகிற தாழ்ந்த சாமி அறையிலும் இதைப் போட வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தையின் சமையலறைக்கு முதல் வழியைச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் கணக்கே வேறு

அத்தை வீட்டின் முன்பாதியில் இன்னும் பழைய சாம்பல் நிறத் தகடுதான். தென்னாப்பிரிக்கா ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டி உலகத்துக்கே விற்ற நாடு. வட கேப்பில் பிரிஸ்கா, குருமன் பக்கத்துச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் நுரையீரல் நோயில் போனார்கள். 2008-இல்தான் இங்கே தடை வந்தது. ஏற்கெனவே கூரையில் இருப்பதைப் பிடுங்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தகடு உடையாமல், உதிராமல் இருந்தால் அப்படியே விடலாம்.

ஆனால் அதைத் துளைக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. பாசி போக வேண்டும் என்று பிரஷர் வாஷரால் அடிப்பதை நம் தெருக்களில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. தண்ணீர் வேகத்தில் இழைகள் பிய்ந்து வந்து முற்றத்தில் படியும், காய்ந்ததும் காற்றில் ஏறும். அங்கேதான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். தகட்டை மாற்றுவதாக இருந்தால் 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி பதிவு செய்த ஒப்பந்தக்காரரை அழைக்க வேண்டும். பக்கத்துத் தெருப் பையன்கள் சுத்தியலோடு ஏறுவது கூடவே கூடாது.

ஐம்பது, அறுபது வருடம் வெயில் மழை பட்ட தகட்டின் தூசி சீலிங்கின் மேலும் படிந்திருக்கும். அதனால் அந்தக் கூரைக்குள் ஏறிப் பஞ்சு பரப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. பழைய சீலிங் பலகையே ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கவும் வாய்ப்புண்டு, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பாமல் அதில் திருகாணி இறக்கக்கூடாது. அந்தத் துண்டை எடுப்பதும் பயிற்சி பெற்றவர் கையால் நடக்கட்டும். அத்தை வீட்டு முன் அறைகளில் சீலிங் பின்னாளில் போட்ட ரைனோ போர்டு. ஆகவே மேலே எதையும் தொடாமல், கீழிருந்தே, இருக்கும் சீலிங்கின் அடியில் ஐசோபோர்டைச் சட்டத்தோடு சேர்த்து முடுக்குவது என்று முடிவு. 40 மில்லிமீட்டர் பலகை. அறையின் உயரம் இரண்டு விரற்கடை குறையும். அதற்கு ஈடாகக் கூரையின் தூசி கலையாமல் மேலேயே இருக்கும்.

அண்ணன் வீட்டுக் கூரைக்குள்

லெனேசியா வீட்டில் கான்கிரீட் ஓடு, உள்ளே ஏறக் கதவு. டார்ச்சோடு தலையை நீட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். ஓடுகளின் இடுக்கில் ஊசி ஊசியாய் வெளிச்சம். எப்போதோ போட்ட மஞ்சள் பஞ்சு, மிதிபட்டு மிதிபட்டு அப்பளத் தடிமனுக்கு அமுங்கிக் கிடக்கிறது. டிவி கேபிள் இழுத்தவர் அதைச் சுருட்டி ஒதுக்கிவிட்டுப் போன இடத்தில் வெறும் சீலிங். குளியலறைக்கு மேலே கருத்த ஈரக் கறை. ஓரத்தில் 150 லிட்டர் கீஸர், அதிலிருந்து போகும் செம்புக் குழாய் வெறும் உடம்போடு.

அந்தப் பழைய பஞ்சு காய்ந்திருந்தால் எடுக்கத் தேவையில்லை, அதன் மேலேயே புதிதைப் பரப்பலாம். எலி மூத்திரமோ ஈரமோ இருந்தால் மூட்டைகட்டி இறக்கிவிட வேண்டும். ஈரக் கறைக்குக் காரணம் ஓடா, குழாயா, குளியலறை ஆவியா என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் மூட வேண்டும்.

அண்ணன், "ஹார்ட்வேர் கடையில 50 எம்எம் தள்ளுபடியில கிடக்குதே, அதை ரெண்டு அடுக்காப் போட்டா?" என்று கேட்டார். நல்ல யோசனைதான். முதல் அடுக்கைக் கட்டைகளுக்கு நடுவிலும், இரண்டாவதைக் குறுக்காகக் கட்டைகளின் மேலேயும் போட்டால் மரத்தின் வழியாகப் போகும் வெப்பமும் தடைப்படும். இடுக்கு விடாமல் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். அங்கங்கே வெறும் இடம் விட்டால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காலை வெளியே நீட்டியது மாதிரிதான். அதேபோல அமுக்கித் திணிக்கவும் கூடாது. 135-ஐ 80-க்கு அமுக்கினால் 135-இன் பலன் கிடைக்காது. கூரையின் விளிம்பில் காற்று வரும் வழியை மட்டும் அடைக்காமல் விடுங்கள்.

குளிர் ஊர்க்காரர்கள் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. சீலிங்கை மூடிய பிறகு வீட்டு வெப்பம் மேலே போகாது, அதனால் கூரைக்குள் முன்னைவிட அதிகமாகக் குளிரும். கீஸரும் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. எனவே அதே நாளில் கீஸருக்கு உறையும், குழாய்க்குக் குழல் வடிவ ஃபோமும் மாட்ட வேண்டும். பழைய கீஸர் ஒன்று, யாரும் குழாயைத் திறக்காமலே, ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் இழக்கும். செலவு குறைவு, பலன் உடனே. இதை எந்த ஊராக இருந்தாலும் முதல் வாரமே செய்துவிடலாம். சூட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மிகவும் கீழே இறக்கினால் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

வெள்ளைப் பெயிண்ட், சுவர், ஜன்னல்

நல்ல நிலையில் உள்ள தகரக் கூரைக்கு டர்பனில் வெள்ளைப் பிரதிபலிப்புப் பெயிண்ட் அடிப்பது மலிவான, நேர்மையான வழி. வெயிலில் பெரும்பகுதியைக் கூரை தொடும்போதே திருப்பிவிடும். அழுக்கும் பாசியும் படியப் படியப் பலன் இறங்கும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். லெனேசியாவில் அடிக்காதீர்கள். அங்கே குளிர்கால வெயில் நமக்கு வேண்டும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வாயிலிருந்து புகை வருகிற ஊர் அது.

ஒற்றைச் சுவருக்குள் எதையும் நிரப்ப முடியாது. மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள், பந்தலோ மரமோ. கதவின் அடி இடுக்கை அடையுங்கள், குளிர் ஊரில் கனமான திரை போடுங்கள். இப்போதைக்கு அது போதும்.

ஏசி, சோலாரோடு ஒப்பிட்டால்

ஏசி வாங்கிய நாளிலிருந்து பில் ஏறும். வெப்பக்காப்பு போட்ட நாளிலிருந்து இறங்கும். லோட் ஷெட்டிங்கில் ஏசி நின்றுவிடும், பஞ்சு வேலை செய்துகொண்டே இருக்கும். சோலார் நல்லதுதான். ஆனால் ஓட்டை வீட்டுக்குப் போடும் சோலாருக்குத் தகடும் பேட்டரியும் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். முதலில் தேவையைக் குறைத்துவிட்டு அப்புறம் அளவெடுத்தால் சின்னதாகவே முடியும். கேப் டவுனில் கயேலிட்ஷாவின் குயாசா பகுதியில், 2005-இல் ஐநா காலநிலைத் திட்டத்தில் பதிவான வேலையில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழை வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியோடு சேர்த்து வெப்பக்காப்பு வைத்த சீலிங்கும் போட்டார்கள். பணம் மிகக் குறைவாக இருந்த இடத்திலும் சீலிங்கை விட்டுவிடவில்லை என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் என் வரிசை மாறும். வீட்டில் வயதானவரோ, சூட்டில் மயங்கி விழக்கூடிய நோயாளியோ இருந்து, கோடை நாளை வருகிறது என்றால், முதலில் அவர் அறைக்கு ஏசி. மற்றதெல்லாம் அடுத்த மாதம்.

வேலைக்கு ஆள் வரும்முன்

2009-10-இல் ஆஸ்திரேலிய அரசு லட்சக்கணக்கான வீடுகளுக்கு வேகவேகமாக வெப்பக்காப்பு போட்டது. அந்த வேலையில் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெப்பம் தாங்காமல். நம் வீடுகளின் பழைய வயரிங்கை நினைத்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. யார் மேலே ஏறினாலும் டிபி போர்டில் மெயினை அணைத்துவிட்டு ஏறட்டும். உரிந்த வயர், எலி கடித்த வயர் இருந்தால் எலக்ட்ரீஷியன் முடித்த பிறகே பஞ்சு. அலுமினியத் தாள் போடும் இடத்தில் இரட்டிப்புக் கவனம், அது மின்சாரத்தையும் கடத்தும். சீலிங்கில் பதித்த விளக்குகளைச் சுற்றிப் பஞ்சு படாமல் இடம் விட வேண்டும். பழைய ஹாலஜன் விளக்கு இருந்தால் இந்தச் சாக்கில் எல்இடிக்கு மாற்றிவிடுங்கள்.

விலை கேட்கும்போது "வீட்டுக்கு இவ்வளவு" என்ற ஒற்றைத் தொகையை வாங்காதீர்கள். என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர், ஆர் மதிப்பு எவ்வளவு, எத்தனை சதுர மீட்டர், கீஸர் குழாய் சேர்ந்ததா, பழைய குப்பையை யார் அள்ளுவது என்று எழுதி வாங்குங்கள். மூன்று பேரிடம் கேளுங்கள். முடிந்த பிறகு ஆள் கிளம்பும்முன் டார்ச் எடுத்து நீங்களே மேலே ஒரு தடவை பாருங்கள், முக்கியமாகக் கதவிலிருந்து எட்டாத மூலைகளை.

நேரமும் பார்க்க வேண்டும். லெனேசியாவுக்கு ஏப்ரல் நல்ல மாதம். கோடைச் சூடு இறங்கியிருக்கும், ஜூன் குளிர் இன்னும் வந்திருக்காது. டர்பனுக்கு ஆகஸ்ட், செப்டம்பர். மழைக்காலம் தொடங்கும்முன் ஓடும் ஆணியும் சரிபார்த்துவிடலாம், புரட்டாசி விரதச் சமையல் தொடங்கும்முன் சமையலறையும் கைக்கு வந்துவிடும். எந்த ஊரானாலும் கூரைக்குள் காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும்.